கொங்கிரீட்டுக்குக் கீழே ராசம்மா

கொங்கிரீட் ஊற்றுகிற நாளில் சைட்டில் உள்ள எல்லாரும் தளத்துக்கு மேலே நிற்பார்கள். பம்ப் குழாயைப் பிடிக்கிறவர், வாரிப் பரப்புகிறவர், வைப்ரேட்டர் போடுகிறவர், சும்மா பார்க்கிறவர் எல்லாரும் மேலேதான். ஒரே ஓர் ஆள் மட்டும் கீழே, பலகையைத் தாங்கும் முட்டுகளின் பக்கத்தில் நிற்க வேண்டும். எங்கள் சைட்டில் அந்த ஆள் ராசம்மா.

சைட் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் செனாயில், தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. மூன்று மாடிக் கிடங்கு கட்டுகிறோம். பலகை அடிக்கிற வேலைக்கு நான் மண்டோர், அதாவது மேஸ்திரி. இருபத்தாறு வருஷமாக இதே வேலை. படித்து வந்தவன் இல்லை, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். அதனால் ராசம்மா நின்ற இடம் எப்படிப்பட்டது என்று சரியாகச் சொல்ல முடியும்.

ஒரு தடவை ஊற்றும் தளம் ஏறத்தாழ முந்நூறு சதுர மீட்டர். கனம் ஏழு அங்குலம். எட்டு லாரி கொங்கிரீட். இறுகும் வரை அது கஞ்சி மாதிரிதான், தன்னைத் தானே தாங்காது. நூற்றிருபது டன்னுக்கு மேற்பட்ட அந்த எடை பலகைக்கு இறங்கி, பலகையிலிருந்து கட்டைக்கு இறங்கி, கட்டையிலிருந்து இருநூற்றுப் பத்து இரும்பு முட்டுகளுக்கு இறங்கும். ஒவ்வொரு முட்டும் ஒன்றுக்குள் ஒன்று போகிற இரண்டு குழாய். வேண்டிய உயரத்துக்கு உள் குழாயை இழுத்து, ஓட்டையில் சுண்டு விரல் தடிமனில் ஒரு இரும்புப் பின்னைச் சொருக வேண்டும். முட்டின் மேல் வருகிற எடை முழுவதும் அந்தப் பின்னின் மேல்தான் உட்காரும்.

ஒரு பின் அறுந்தால் பக்கத்து முட்டுகள் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும். வாங்க முடியாவிட்டால் ஒன்றன் பின் ஒன்றாகச் சாயும். மேலே இருக்கிற பதினாலு பேரும் கொங்கிரீட்டோடு கீழே வருவார்கள். அது நடப்பதற்கு முன்னால் பார்த்துச் சொல்லத்தான் கீழே ஓர் ஆள்.

ராசம்மாவுக்கு ஐம்பத்தோரு வயது. உலு திராமில் வீடு. எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, பதினேழு வயதில் செனாய் ஃபேக்டரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். சின்ன ஃபேன் மோட்டார் செய்கிற ஃபேக்டரி. கடைசி மேசையில் அவருக்கு வேலை: ஓடுகிற மோட்டாரைக் காதருகே வைத்துக் கேட்டு, நல்லது ஒரு பெட்டி, கெட்டது ஒரு பெட்டி என்று பிரிப்பது. இருபத்தேழு வருஷம் அதையே செய்தார். ஃபேக்டரி வேறு நாட்டுக்குப் போனதும் எங்கள் கம்பெனிச் சைட்டுகளில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு வந்தார். பலகை மேல் கிடக்கும் மரத்தூளையும் கம்பித் துணுக்கையும் ஊற்றுவதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டும். அதை அவர் செய்தால் நான் மறுபடி பார்க்க வேண்டியதில்லை.

முன்பு கீழே நின்றவர் ஒரு நாள் கைப்பேசி பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு ராசம்மா என்னிடம் வந்து கேட்டார்: "பாலன், அவரு எதுக்குக் கீழ நிக்கிறாரு?"

"முட்டு இறங்குதான்னு பார்க்கணும்."

"பாக்கவே இல்லையே."

"அதான் எனக்கும் தெரியுதே, அக்கா."

"அப்ப நான் நிக்கிறேன்."

இப்படித்தான் அந்த வேலை அவருக்கு வந்தது. நான் சொல்லிக் கொடுத்தது அரை மணி நேரம். மீதியை அவராகவே உண்டாக்கிக்கொண்டார். பலகையின் அடியில் ஒரு மெல்லிய குச்சியை ஆணியடித்துத் தொங்கவிடுவார். அதன் பக்கத்தில் தரையிலிருந்து இன்னொரு குச்சியை நிறுத்துவார். இரண்டிலும் ஒரே மட்டத்தில் பேனாவால் கோடு போடுவார். பலகை இறங்கினால் மேல் கோடு கீழ்க் கோட்டைத் தாண்டும். இரண்டு மில்லி இறங்குவது வழக்கம். ஐந்து மில்லி என்றால் விசில். ஒரு தளத்துக்கு நான் நாலு குச்சி போதும் என்றேன். அவர் பன்னிரண்டு வைத்தார். இறுகிய பழைய தூணுக்கும் வாசலுக்கும் நடுவில், இரண்டு எட்டில் வெளியே போகிற மாதிரி ஓர் இடத்தைப் பார்த்து நின்று, பன்னிரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். தூரத்துக் குச்சிகளுக்கு ஒரு பழைய தூரக்கண்ணாடி வைத்திருந்தார். எட்டு லாரிக்கும் சேர்த்து நாலு மணி நேரம். நடுவில் ஒரு தே ஓ, பால் விடாத தேநீர்கூடக் குடிக்க மாட்டார்.

விசிலுக்கு ஒரே விதி. ஊதினால் பம்ப் நிற்கும். யாரையும் கேட்க வேண்டாம், யாரும் ஏன் என்று கேட்கவும் கூடாது. நின்ற பிறகு கேட்கலாம்.

போன மார்ச் மாதம், முதல் மாடித் தளத்தின் தெற்குப் பாதி ஊற்றினோம். ஐந்தாவது லாரி ஓடிக்கொண்டிருந்தபோது விசில் கேட்டது. பம்ப் நின்றது. நான் படியில் இறங்கி ஓடினேன்.

"என்னக்கா? குச்சி இறங்கிருச்சா?"

"குச்சி இறங்கல. சத்தம். பம்ப் ஒரு தள்ளு தள்ளி அடுத்த தள்ளு வர்றதுக்கு நடுவுல 'டொக்'குனு ஒரு சத்தம். இதுக்கு முன்ன கேட்டதில்ல."

மேலே இருந்தவர்களை எல்லாம் இறக்கிவிட்டு, ஓரத்திலிருந்து வரிசை வரிசையாக டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு முட்டும் சாயவில்லை, ஒரு பின்னும் அறவில்லை. பம்பை நிறுத்திவிட்டதால் சத்தமும் இல்லை. இருபத்தைந்து நிமிஷம் போனது. ஜொகூர் வெயிலில் கொங்கிரீட் அதற்கு மேல் காத்திருக்காது. ஐந்தாவது லாரியில் பாதியைத் திருப்பி அனுப்பினோம். சைட் மேனேஜர் செல்லப்பன் கட்டடத்தைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் நடப்பார்.

"அலமாக், ஒரு சத்தத்துக்கா?" என்றார். "சைட்டுன்னா சத்தம் இருக்காதா அக்கா? இது என்ன லைப்ரரியா?"

இறங்கி நின்றவர்களில் யாரோ, "அக்கா, எங்க வயித்துலயும் சத்தம் வருது, அதுக்கும் ஒரு தடவை ஊதுங்க, சாப்பிடப் போவோம்" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைக்க முடியாது.

ஊற்றி முடிந்து, ஐந்து மணிக்குப் பம்ப் ஆட்கள் குழாயில் தண்ணீர் விட்டுக் கழுவ ஆரம்பித்தார்கள். அப்போது ராசம்மா போய், தண்ணீரை முன்பு போலத் தள்ளச் சொல்லிவிட்டு, கீழே தூண் தூணாகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். இருபத்தைந்து நிமிஷத்தில் நாங்கள் பதினாலு பேர் கண்டுபிடிக்காததை அவர் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தார். பம்ப் குழாயை ஒரு தூணோடு கம்பியால் கட்டியிருந்தோம். கட்டு தளர்ந்து, குழாய் பின்வாங்கும்போதெல்லாம் தூணில் இடித்திருக்கிறது. ஆபத்து ஒன்றும் இல்லை.

மறுநாள் காலைக் கூட்டம். எங்கள் சைட்டில் தினமும் ஏழரைக்கு எல்லாரும் வரிசையாக நிற்போம். ஹெல்மெட், பெல்ட், இன்றைக்கு என்ன வேலை, எங்கே பள்ளம் என்று செல்லப்பன் சொல்வார். முப்பது பேர் கொட்டாவியோடு கேட்பார்கள். கடைசியில், "யாருக்காவது எதுவும் சொல்லணுமா?" என்பார். மூன்று வருஷமாக, சைட் மாறினாலும், தினமும் கேட்டிருக்கிறார். ஒருவரும் வாய் திறந்ததில்லை. அதைக் கேட்டதும் கலைந்து போகலாம் என்பதுதான் எங்களுக்கு அதன் அர்த்தம்.

அன்றைக்கு ராசம்மா முன்னால் வந்தார்.

"நேத்து நான் ஊதினது தப்பு. முட்டுல ஒண்ணுமில்ல. குழாய்க் கட்டு தளர்ந்து தூண்ல இடிச்சிருக்கு. அடுத்த தடவை ரெண்டு கட்டாப் போடுங்க, அந்தச் சத்தம் வராது. வேற புதுச் சத்தம் வந்தா மறுபடியும் ஊதுவேன்."

சொல்லிவிட்டு வரிசைக்குப் போய் நின்றுகொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு அளவைத் தப்பாக எடுத்தவர் திருத்திச் சொல்கிற மாதிரி இருந்தது. நான் எத்தனையோ தடவை தப்பு அளவில் பலகை அறுத்திருக்கிறேன். ஒரு தடவைகூட முப்பது பேர் முன்னால் அதைச் சொன்னதில்லை.

செல்லப்பன் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள், லாரி திரும்பிப் போனதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்ததும் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அக்கா, இனிமே சந்தேகம் வந்தா முதல்ல வாக்கி டாக்கில பாலனைக் கூப்பிடுங்க. அவரு வந்து பார்த்து, ஓகேன்னா நிறுத்தலாம்."

"அவரு வந்து பாக்குறதுக்குள்ள விழுந்துட்டா?"

"அப்படியெல்லாம் விழாது லா."

"விழாதுன்னா நான் எதுக்குக் கீழ நிக்கணும்? கேட்டுட்டுத்தான் ஊதணும்னா வேற ஆளப் பாருங்க பாஸ். நான் பெருக்கப் போறேன்."

செல்லப்பன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் அவர் சொன்னார்: "சரி. வடக்குப் பாதி ஊத்துறப்ப நீங்களே நில்லுங்க. ஆனா இன்னொரு தடவை சும்மா ஊதினீங்கன்னா, விசில் எங்கிட்ட வந்திரும். அதுக்கப்புறம் கேட்டுட்டுத்தான் ஊதணும், யாரா இருந்தாலும்."

இந்தப் பேச்சு ஆபீஸ் கொள்கலனுக்கு வெளியே நடந்தது. மத்தியானத்துக்குள் சைட் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்தவர்கள்கூட அடங்கிப் போனார்கள். அந்த விசில் போனால் தங்களுக்காக நிற்கிற ஒன்று போய்விடும் என்று மேலே நிற்கிற ஆட்களுக்குத் தெரியும்.

பதினோரு நாள் கழித்து வடக்குப் பாதி. முந்தின நாள் சாயங்காலம் வரை பலகை வேலை இருந்தது. எனக்கு அவசரம். "இன்னைக்கே முடிச்சாகணும்" என்று என் ஆட்களை விரட்டினேன். என் ஆட்களில் ஒருவர் சர்புதீன். முப்பத்தைந்து வயது. ஜொகூர் பாருவில் மாமாவின் சாப்பாட்டுக் கடையில் பத்து வருஷம் ரொட்டி போட்டுவிட்டு, அடுப்புச் சூடு தாங்கவில்லை என்று பலகை வேலைக்கு வந்தவர். "அதுக்கு வெயில்ல வந்து நிக்கிறீங்களே பாய்" என்று எல்லாரும் கிண்டல் செய்வோம். நல்ல வேலைக்காரர்.

முட்டு வரிசைகளை ஏ, பி, சி, டி என்று சொல்வோம். அன்று சாயங்காலம் டி வரிசை முட்டுகளுக்கு இரும்புப் பின் போதவில்லை. முட்டுப் பின் என்பது தொலைந்துகொண்டே இருக்கும். மண்ணில் விழும், கொங்கிரீட்டில் புதையும், வேறு சைட்டுக்கு லாரியில் போய்விடும். ஸ்டோர் பூட்டியிருந்தால் எல்லாச் சைட்டிலும் எல்லாரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. கிடக்கிற பத்து மில்லிக் கம்பியை வெட்டி, நுனியை வளைத்துப் பின்னுக்குப் பதிலாகச் சொருகிவிடுவார்கள். ஓட்டைக்குள் அது லொடலொடவென்று கிடக்கும். பின் தாங்குகிறதில் பாதிகூட அது தாங்காது. யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். நானும் இளவட்ட வயதில் செய்திருக்கிறேன். சர்புதீன் ஆறு முட்டுக்குச் செய்தார்.

மறுநாள் ஆறரை மணிக்கு நான் இருநூற்றுப் பத்து முட்டுகளையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். உயரம் பார்த்தேன், நேராக நிற்கிறதா பார்த்தேன். துருப்பிடித்த கம்பியும் துருப்பிடித்த பின்னும் டார்ச் வெளிச்சத்தில் ஒரே மாதிரி இருந்தன. கையால் தொட்டுப் பார்க்கவில்லை. அது என் தப்பு.

எட்டு மணிக்கு முதல் லாரி. மூன்றாவது லாரி பாதி ஓடும்போது நான் படியடியில் நின்று டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சர்புதீன் மேலிருந்து இறங்கி வந்தார். அவர் கையில் ஹெல்மெட் இருந்தது. என்னைத் தாண்டி நேராக ராசம்மாவிடம் போனார்.

"அக்கா."

"ஹெல்மெட்ட மாட்டு பாய் முதல்ல."

மாட்டிக்கொண்டார்.

"அக்கா, விசில் ஊதுங்க."

"ஏன்?"

"டி வரிசையில ஆறு முட்டுல பின் இல்ல. நேத்து கம்பி வெட்டிச் சொருகிட்டேன். பம்ப் இப்ப டி பக்கம் வருது."

ராசம்மா தூரக்கண்ணாடியை எடுத்து டி வரிசைக் குச்சிகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேல் கோடும் கீழ்க் கோடும் ஒரே மட்டத்தில் இருந்தன. ஒரு மில்லிகூட இறங்கவில்லை. புதுச் சத்தமும் இல்லை. அவர் கண்ணும் காதும் எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தன. சரி இல்லை என்பதற்கு இருந்தது சர்புதீனின் வார்த்தை மட்டும்தான். அந்த ஆறும் தாங்கிவிடும் என்று வைத்துக்கொண்டால் இது சும்மா ஊதினதாக ஆகும். விசில் போய்விடும். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான் யோசித்தார். இழுத்த அதே மூச்சில் ஊதினார்.

பம்ப் நின்றது. மேலே இருந்தவர்கள் இறங்கினார்கள். செல்லப்பன் ஓடி வந்து, "மறுபடியுமா அக்கா?" என்று வாயெடுத்தார். ராசம்மா, "டி வரிசை. ஆறு முட்டு. பின் இல்ல" என்றார்.

"யாரு சொன்னது?"

"நான்தான் பாஸ்" என்றார் சர்புதீன். "போட்டதும் நான்தான்."

ஸ்டோரிலிருந்து பின்னோடு ஆறு முட்டு எடுத்து வந்தோம். டி வரிசை கட்டடத்தின் ஓரம் என்பதால் உள்ளே போகாமலே கை எட்டியது. ஒவ்வொரு முட்டுக்கும் பக்கத்தில் புது முட்டு வைத்து இறுக்கினேன். அதற்குப் பிறகு பழையதைத் தளர்த்திக் கம்பியை உருவினேன். முதல் ஐந்தும் நேராகவே வந்தன. ஆறாவது வரவில்லை. சுத்தியால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது நடுவில் வளைந்திருந்தது. அந்த முட்டுக்குப் பக்கத்தில் குச்சி எதுவும் இல்லை. அதன் மேல் பாதிக் கொங்கிரீட்கூட இன்னும் விழவில்லை.

முழுச் சுமையும் வந்திருந்தால் அறுந்திருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பக்கத்து முட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கலாம். பிடிக்காமலும் போயிருக்கலாம். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தது வேறு. இருபத்தாறு வருஷத்தில் கை போனவர்களைப் பார்த்திருக்கிறேன், இடுப்பு ஒடிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை வெள்ளைத் துணி போர்த்தியும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எல்லாம் முடிந்த பிறகுதான் யாராவது, "அது அப்படித்தான் இருந்துச்சு, எனக்குத் தெரியும்" என்பார்கள். நடப்பதற்கு முன்னால் ஒருவர் இறங்கி வந்து "நான் செஞ்சேன்" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்தப் படியடியில், டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நான் அதைக் கேட்டேன்.

செல்லப்பன் வளைந்த கம்பியைக் கையில் வாங்கி நிமிர்த்திப் பார்த்தார். அது நிமிரவில்லை. சர்புதீன் எதிரே நின்றார். வீட்டுக்குப் போகச் சொல்வார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம்.

"மேல போ பாய்" என்றார் செல்லப்பன். "வைப்ரேட்டர் ஆளில்லாம கிடக்குது."

பதினெட்டு நிமிஷத்தில் பம்ப் மறுபடி ஓடியது. ஒரு லாரியும் திரும்பிப் போகவில்லை.

மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது சர்புதீனிடம் கேட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லல? நான் பக்கத்துலதானே நின்னேன்."

"உங்ககிட்ட சொன்னா முதல்ல திட்டுவீங்கண்ணே. திட்டி முடிக்கிறதுக்குள்ள இன்னொரு லாரி கொட்டியிருக்கும்."

அவரே தொடர்ந்தார்.

"ராத்திரி பூரா நினைச்சேன், காலையில சொல்லிடலாம்னு. சொல்லல. மேல நின்னு பார்க்கிறேன், பம்ப் டி பக்கம் நகருது. அன்னைக்கு அக்கா கூட்டத்துல நின்னு 'நான் ஊதினது தப்பு'ன்னு சொன்னாங்கல்ல. சொல்லிட்டு சாயங்காலம் அதே மோட்டார் சைக்கிள்ல வீட்டுக்குப் போனாங்க. மறுநாள் வேலைக்கு வந்தாங்க. ஒண்ணும் ஆகல. தப்புன்னு சொன்னா செத்துப் போயிட மாட்டோம்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு."

ராசம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார். "ரொட்டி போட்ட கை, முட்டுப் போடுறப்ப பின்னு எங்கன்னு பார்க்க மாட்டியா?" என்றார். அவ்வளவுதான் அவர் திட்டியது.

மேல் தளம் ஊற்றுகிற நாள் மே மாதம் வந்தது. எட்டு மணிக்கு முதல் லாரி என்று சொல்லி வைத்திருந்தோம். ஆறே முக்காலுக்கு நான் போனபோது ராசம்மா குச்சிகளுக்குக் கோடு போட்டு முடித்திருந்தார். அவர் முன்னால் ஆட்கள் நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர். கூட்டம் இன்னும் தொடங்கவில்லை, யாரும் அவர்களைக் கூப்பிடவும் இல்லை.

"அக்கா, பி வரிசையில ஒரு முட்டு நான்தான் வச்சேன், அடியில வச்ச பலகை கொஞ்சம் ஆடுற மாதிரி இருக்கு."

"படிக்கட்டுப் பக்கம் கட்டை நேத்து ஒண்ணு விரிஞ்சிருந்துச்சு அக்கா. ஆணி அடிச்சு மூடிட்டேன். பார்த்துக்குங்க."

பங்களாதேஷ் ஆள் ஒருவர், தமிழும் மலாயும் கலந்து, தான் கட்டிய குழாய்க் கட்டு ஒன்று தனக்கே பிடிக்கவில்லை என்று கையைக் காட்டினார். அடுத்தவர் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு நின்றார். ராசம்மா ஒவ்வொருவரையும் அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய், பார்த்து, தூணில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். என்னிடம் திரும்பி, "பாலன், ஏழு வட்டம். ஒண்ணு ஒண்ணாப் பாத்துடலாமா?" என்றார்.

பார்க்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்று எனக்குத் தெரியும். எட்டு மணி லாரி ஏற்கெனவே கொங்கிரீட் கலக்கிற பிளாண்டில் ஏற்ற நிற்கும். நான் செல்லப்பனைத் தேடினேன். அவர் படியோரம் நின்று அந்த ஏழு பேரையே பார்த்துக்கொண்டிருந்தார், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கைப்பேசியை எடுத்தார்.

"ஹலோ, பிளாண்டா? செல்லப்பன் பேசறேன். முதல் லாரிய இப்ப ஏத்தாதீங்க. பத்து மணிக்கு அனுப்புங்க. இல்ல, இங்க ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஆளுங்க பேசிக்கிட்டு இருக்காங்க."